கடவுள்மேல் கோபம் வந்தால் பக்தி போய்விட்டதா?

அம்மா, உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கணவருக்குப் பக்கவாதம் வந்து மாதங்கள் ஓடிவிட்டன. வலது கையும் காலும் இன்னும் வசத்துக்கு வரவில்லை, வீட்டு வருமானம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழுக் கடன், அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன், அதற்குமேல் நகையும் அடகில். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. "நான் உங்களுக்குப் பாரமாப் போயிட்டேன்" என்று கணவர் அழுகிறார். தினமும் விளக்கேற்றுகிறீர்கள், ஆனால் சாமி முன்னால் நின்றால் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, கோபம்தான் வருகிறது. "நம்பிக்கை இருக்கிறவன் கலங்க மாட்டான்" என்று யாரோ சொற்பொழிவில் சொன்னது மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது. கோபப்படுவது பாவமா, எனக்குப் பக்தி போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். நடுவில், "ராத்திரி படுத்தா காலைல எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு இருக்கு" என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த நினைப்பு வருகிற இரவில் தனியாக இருக்காதீர்கள். அக்காவோ தங்கையோ பக்கத்து வீட்டு அம்மாவோ, யாரிடமாவது அந்த வார்த்தையை அப்படியே சொல்லிவிடுங்கள். வீட்டு மனிதர்களிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்று பெயர், அரசு நடத்துவது, காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாமியை நம்புகிறவள் இதற்கெல்லாம் போன் செய்யலாமா என்ற தயக்கம் வேண்டாம். தேவாரம் பாடிய சுந்தரர், கண் பார்வை போனபோது திருவொற்றியூரில் கேட்டதே "என் கண்ணுக்கு ஒரு மருந்து உரையாய்" என்றுதான். மருந்து கேட்பதும் சாமியைக் கேட்பதும் அவருக்கு ஒரே மூச்சில் வந்தன.

இனி உங்கள் கேள்வி. கோபப்படுவது பாவமில்லை. உங்களை ஆறுதல்படுத்த இதைச் சொல்லவில்லை. தேவாரத்தைப் பாடியும் பாடிக்கொடுத்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் கோயில்களில் இன்றும் ஓதுவார்கள் சந்நிதியில் நின்று பாடும் பதிகங்களில் கடவுளோடு சண்டை போடும் பதிகங்கள் உண்டு. அவற்றை யாரும் ஒதுக்கவில்லை. மற்றவற்றோடு சேர்த்து ஏழாம் திருமுறை என்று தொகுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்.

சுந்தரர் பாடிய முதல் சொல்லே "பித்தா" என்பது. கல்யாணப் பந்தலில் கிழவராக வந்து ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று வழக்காடியவரைத் திட்டிய சொல் அது. வந்தவர் யார் என்று தெரிந்து சுந்தரர் நடுங்கி நிற்கும்போது, திட்டிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்றார் இறைவன் என்கிறது பெரியபுராணம். நம்மோடு வன்மை பேசி வன்தொண்டன் என்ற பெயரைப் பெற்றாய், நமக்கு அர்ச்சனை என்பது பாட்டுதான், ஆகவே பாடு என்று அவர் சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார். சண்டையில் பிறந்த உறவு அது. ஆனாலும் சுந்தரர் நன்றாக இருந்த காலத்துச் சண்டை உங்களுக்கு உதவாது. அவருக்குக் கண் போன கதைதான் உங்களுக்கு வேண்டியது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கண் திரும்பிய அற்புதத்தை மட்டும் சொல்லிவிட்டு நடுவில் அவர் நடந்த வழியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தவர். பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். இறைவனோ, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கும்படி சங்கிலியார் பக்கத்துக்குச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் ஆயிற்று. பிறகு வசந்த காலம் வந்தது, ஆரூர்த் திருவிழாவின் நினைவு வந்தது, சுந்தரர் கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் மறைந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுந்தரருக்காவது ஒரு காரணம் காட்ட முடிந்தது, சத்தியம் மீறினார் என்று. அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டில் யார் என்ன பாவம் செய்தீர்கள் என்று கணக்குக் கேட்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் கணவருக்கு வந்தது மூளைக்குப் போகும் ரத்தஓட்டத்தில் வந்த கோளாறு. பக்கவாதத்துக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் புகையிலையும் காரணமாகலாம் என்பது மருத்துவர்கள் சொல்வது. அதற்குமேல் ஒரு பழைய கணக்கைத் தேடி நீங்கள் உங்களையே தின்றுகொள்ள வேண்டியதில்லை.

கண் போனதும் சுந்தரர் பாடியது ஒற்றியூர்ப் பதிகம். "அழுக்கு மெய்கொடு உன் திருவடி அடைந்தேன்" என்று தொடங்குவது. அதில் தன் தவறை மறைக்கவில்லை. வழுக்கி விழுந்தாலும் உன் பெயர் அல்லாமல் வேறொன்று அறியேன் என்கிறார். அதே பதிகத்தில், மூன்று கண் உடையவனே, அடியேன் கண்ணைப் பறித்துக்கொள்வதுதான் உன் கணக்கு வழக்கு என்றால் ஒரு ஊன்றுகோலாவது கொடு என்றும் கேட்கிறார். மூன்று கண் வைத்திருப்பவர் இரண்டு கண் உள்ளவனிடம் இரண்டையும் வாங்கிக்கொண்டாரே என்ற நியாயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குற்ற உணர்ச்சியும் கோபமும் ஒரே பதிகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தன.

கண் வரவில்லை. நடந்தார். வடதிருமுல்லைவாயிலில் பாடினார், அங்கும் வரவில்லை. அடுத்து திருவெண்பாக்கம். இந்த இடம் எனக்கு மிகவும் நெருக்கமானது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி 1944-ல் கட்டப்பட்டபோது பழைய வெண்பாக்கம் நீர்ப்பரப்புக்குள் போனது, கோயிலை எடுத்துப் பூண்டியில் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் சுந்தரர் கேட்டது ஒரே கேள்வி: கோயிலுக்குள் இருக்கிறாயா? நீங்கள் விளக்கை ஏற்றிவிட்டு நிற்கும்போது உங்களுக்குள் எழுகிற அதே கேள்வி. கிடைத்த பதிலை அவரே பதிகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போய் வாரும். அவ்வளவுதான். யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல மரியாதைப் பன்மையில், உள்ளே இருந்தபடியே ஒரு பதில். கூடவே கொடுத்தது ஒரு ஊன்றுகோல். கண் கேட்டுப் போனவருக்குக் கம்பு. கோபத்தில் அந்தக் கம்பை அவர் வீசி எறிந்தார், அது பட்டு நந்தியின் கொம்பு முறிந்தது என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் கோயிலில் சுவாமிக்குப் பெயரே ஊன்றீசுவரர்.

அந்தப் பதிகத்தின் முதல் பாட்டில் அவர் வைக்கும் வாதத்தைப் பாருங்கள். பிழை செய்தால் பொறுத்துக்கொள்வீர் என்று நம்பித்தான் பிழை செய்தேன், உமக்கு வரும் பழியையும் பாராமல் என் கண்ணைப் படலத்தால் மறைத்துவிட்டீரே என்கிறார். உம்மை நம்பினதால் வந்த வினை இது என்று எதிராளியின் சட்டையைப் பிடிக்கிற பேச்சு.

பிறகு காஞ்சிபுரம் வந்தார். ஏகாம்பரநாதர் சந்நிதியில் இடது கண் மட்டும் திரும்பியது. "கம்பன் எம்மானைக் காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்று அந்தப் பதிகம் முழுக்க வியப்பு. ஒரு கண் கிடைத்த மகிழ்ச்சியை அவர் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் அதோடு போதும் என்று உட்காரவும் இல்லை. இன்னொரு கண் பாக்கி இருக்கிறது என்பது அவருக்கு மறக்கவில்லை.

திருவாவடுதுறைக்கு வரும்போது உடம்பில் நோயும் சேர்ந்துவிட்டது. அங்கே அவர் பாடியதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். "கண்ணிலேன் உடம்பில் அடு நோயால் கருத்தழிந்து உனக்கே பொறை ஆனேன்." கண்ணும் இல்லை, நோய் வருத்துகிறது, புத்தியும் கலங்கிவிட்டது, உனக்கே நான் பாரமாகிவிட்டேன். அரசர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஊரெல்லாம் கொண்டாடிய புலவர், தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர், அந்த நிலையில் சொன்ன சொல் இது. பாட்டுக்குப் பாட்டு முடிவில் "ஆர் எனக்கு உறவு" என்று கேட்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள், அஞ்சாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாயா என்பதுதான் அந்தப் பதிகம் முழுவதும். உங்கள் கணவர் வெட்கப்பட்டு அழுகிற அந்த வார்த்தையை அவருக்கு முன்பே ஒருவர் சந்நிதியில் நின்று உரக்கச் சொல்லியிருக்கிறார் என்பது தெரிந்தால் அந்த வெட்கம் கொஞ்சம் இளகும். பக்கவாதம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணம், அதற்குத் தனியாக சிகிச்சையும் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர் அழுவதையும் தூங்காததையும் தவறாமல் சொல்லுங்கள்.

திருத்துருத்தியில், அதாவது இன்றைய குத்தாலத்தில், குளத்தில் மூழ்கி எழுந்து உடம்பு நோய் தீர்ந்தது. கடைசியில் திருவாரூர்.

ஒற்றியூரிலிருந்து ஆரூர் இன்றைய சாலைக் கணக்கிலேயே 300 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒற்றியூர், முல்லைவாயில், காஞ்சி, ஆவடுதுறை ஆகிய நான்கு ஊர்ப் பதிகங்களும் தக்கேசி என்ற பழந்தமிழ்ப் பண்ணில் அமைந்தவை, இன்று காம்போதி ராகத்தில் பாடுகிறோம். ஆரூர் வந்ததும் பண் மாறுகிறது. செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் இந்தப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான். இன்று மத்தியமாவதியில் பாடுகிறார்கள், கச்சேரியில் மங்களமாக முடிக்கப் பாடும் ராகம். அந்த ராகத்தில் அவர் பாடியது இது:

"விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என் கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே."

அடகுப்பொருள் இல்லை நான், விரும்பி உமக்கு ஆளானவன், வேண்டுமானால் என்னை விற்றுக்கொள்ளும். ஒரு குற்றமும் செய்யாதவனைக் குருடாக்கினீர். எதற்காக என் கண்ணை வாங்கினீர்? பழி உமக்குத்தான். மற்ற கண்ணைத் தராவிட்டால் போம், நீராவது நன்றாக இரும். ஒற்றியூரில் அழுக்கு மெய் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் ஆரூரில் குற்றம் ஒன்றும் செய்ததில்லை என்று நிற்கிறார். வழிநெடுக நடந்து வந்த களைப்பு அந்த வரியில் இருக்கிறது. இன்னொரு பாட்டில், உம்மைப் பாடும் அடியார் கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால் நீர் வாழ்ந்துபோம் என்கிறார். கடைசிப் பாட்டிலும் விடவில்லை, "பாரூர் அறிய என் கண் கொண்டீர்" என்று ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அந்தப் பதிகம் முடிந்தபோது வலது கண் வந்தது என்பது சேக்கிழார் வாக்கு.

எங்கள் வாரவழிபாட்டுக்கு ஒரு அம்மா வருவார். மகனை இழந்தவர். பாடமாட்டார், பின்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் மட்டும் போடுவார். யாரும் பாடச்சொல்லி வற்புறுத்தியதில்லை. இந்தப் பதிகம் பாடிய ஒரு நாள், "வாழ்ந்து போதீரே" என்ற இடம் வந்தபோது அந்த அம்மாவின் குரல் எங்கள் எல்லோருடைய குரலுக்கும் மேலே எழும்பியது. சுருதியில் இல்லை. தாளம் போட்ட கை நின்றுவிட்டது, முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னார், பதினொரு பாட்டுக்கும். அதற்கடுத்த வாரத்திலிருந்து எல்லோரோடும் சேர்ந்து பாடத் தொடங்கினார். மகன் போன துக்கம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. பாட வாய் வந்தது.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான் அம்மா. திட்டுவதற்கும் எதிரே ஒருவர் இருக்க வேண்டும். யாருமே இல்லை என்று மனது தீர்மானித்துவிட்டால் கோபம் வராது. விளக்கை ஏற்ற மறந்துபோகும், அதை மறந்ததுகூடத் தெரியாது. நீங்கள் தினமும் ஏற்றிவிட்டு எதிரே நின்று கோபப்படுகிறீர்கள். உங்களுக்கு அவரோடு இன்னும் பேச்சு அறவில்லை.

"நம்பிக்கை இருக்கிறவன் கலங்க மாட்டான்" என்பவர்கள் பெரும்பாலும் அப்பரைக் காட்டுவார்கள். யாருக்கும் அடிமையில்லை, எமனுக்கும் அஞ்சோம் என்று பாடியவர், சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் இருந்தும் மாசில்லாத வீணை இசை என்று பாடியவர். உண்மைதான். ஆனால் அந்த அப்பர் முதன்முதலில் பாடிய பதிகத்தில் இருப்பது "ஆற்றேன் அடியேன்" என்ற அலறல். சூலை நோய் குடலை முறுக்கியது, தாங்க முடியவில்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடியது. இந்த இடத்தில் பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய அக்கா திலகவதியார். தம்பி சமணப் பள்ளியில் பெரிய பதவியில் இருந்தவர், நோய் வந்ததும் சமையல்காரரை அக்காவிடம் அனுப்புகிறார். நான் அங்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார் அக்கா. இரவோடு இரவாகத் தம்பியே வந்து காலில் விழுந்தார். ஏன் போனாய், இப்போதுதான் நான் நினைவுக்கு வந்தேனா என்று கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருநீறு கொடுத்தார். பொழுது விடியும்முன் விளக்குமாறும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு தினமும் செய்கிற கோயில் வேலைக்குக் கிளம்பினார், தம்பியையும் கூடவே அழைத்துப்போனார். அந்த விடியலில்தான் "கூற்றாயினவாறு" பிறந்தது.

அந்த ராத்திரி அப்பருக்குத் தனியாக நம்பிக்கை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வலி இருந்தது, போக ஓர் அக்கா வீடு இருந்தது. அக்காவின் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உங்களாலும் இப்போது வேண்ட முடியவில்லை என்றால் உங்களுக்காக வேண்டிக்கொள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். கோயிலுக்குத் தனியாகப் போகாதீர்கள், தினமும் போகிற ஒருவரோடு சேர்ந்து போங்கள். அவர் கூட்டிப் பெருக்கினால் நீங்களும் பெருக்குங்கள். என்ன வேண்டுவது என்ற கவலை அந்த நேரத்துக்கு வேண்டாம்.

பணத்தைக் கேட்பது பக்தியில் சேர்த்தியா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது. சம்பந்தரின் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள், சாப்பாடு தாமதமாயிற்று. உடனே போய் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடினார், கழிவு இல்லாத நல்ல காசாகக் கொடும் என்று. அப்பாவின் வேள்விச் செலவுக்காக ஆவடுதுறையில் அவர் கேட்டபோது, கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் இதுதானா நீர் எம்மை ஆளும் முறை, இதுதானா உமது அருள் என்றே கேட்டார். சுந்தரர் திருக்கோளிலியில், குண்டையூரில் நெல் கிடைத்துவிட்டது, தூக்கிப்போக ஆள் இல்லை, ஆளையும் அனுப்பும், வீட்டில் அவள் வாடுகிறாள் என்று பாடுகிறார். நெல் கேட்டதோடு நிற்காமல் வண்டிக்கூலி வரை கேட்டவர்கள் நம் பெரியவர்கள். உங்கள் தவணைத் தொகையையும் தேதியையும் சொல்லியே வேண்டுங்கள்.

ஆனால் ஒன்று. கடன் வாங்கிப் பரிகாரம் செய்யாதீர்கள். உங்கள் நிலைமை தெரிந்தும் ஆயிரக்கணக்கில் செலவு வரும் ஹோமம் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நான் மேலே சொன்ன எந்தப் பதிகமும் காசு கொடுத்துப் பாடியதல்ல.

வெண்பாக்கத்தில் கண் வருவதற்கு முன்னால் கம்பு வந்ததே, அதுபோல உங்கள் ஊரிலேயே கைக்கெட்டும் தூரத்தில் சில உதவிகள் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021-லிருந்து நடப்பது, வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணவரின் பெயரைப் பதிந்துவையுங்கள். இப்போது வாரம் ஒருமுறை ஆட்டோ பிடித்துத் தனியார் மையத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தச் செலவு மிச்சமாகும். கை கால் முடக்கம் நீடித்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

குழுக் கடன் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு உரிமை இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட நுண்கடன் விதிகளின்படி வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக்கூடாது. குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகும்படி கடன் கொடுப்பதையும் அந்த விதி தடுக்கிறது. இரவு 8 மணிக்கு வாசலில் நின்று கத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. தேதி, நேரம், வந்தவர் பேசியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துக்கொடுப்பார்கள், எண் 15100. அங்கே போகும்போது எல்லாக் கடன் அட்டைகளையும் கொண்டுபோங்கள். தவணையை நீட்டிக்கொடுக்கும்படி அவர்கள் மூலம் கேட்பது நீங்கள் தனியாகப் போய் அழுவதைவிடப் பலன் தரும். இன்னொரு கடன் வாங்கி இதை அடைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கணவரின் கை முழுவதுமாகத் திரும்பும் என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாததை உங்களுக்கு வாக்காகத் தரமுடியாது. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் வேகமாகவும் அதன்பிறகு மெதுவாகவும் முன்னேற்றம் இருக்கும் என்பார்கள். மெதுவாக வருவதை வரவில்லை என்று எண்ணிப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விரல் ஒன்று அசைந்தால் அன்றைக்கு அதைக் கொண்டாடுங்கள், அடுத்த விரலையும் கேளுங்கள்.

கடைசியாக, எந்தப் பதிகம் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கோளறு பதிகம் சொல்லச் சொல்லிப் பலர் அறிவுரை தந்திருப்பார்கள். நல்ல பதிகம்தான். ஆனால் அது எந்தக் கிரகமும் என்னை ஒன்றும் செய்யாது என்று மதுரைக்குத் துணிந்து கிளம்பிய சம்பந்தரின் பாட்டு. உங்களுக்கு அந்தத் துணிச்சல் இன்று இல்லையென்றால் அந்தச் சொற்கள் வாயில் ஒட்டாது. ஏழாம் திருமுறையில் 95-ஆம் பதிகம், "மீளா அடிமை" என்று தொடங்கும். பதினொரு பாட்டும் வேண்டாம், மேலே நான் எழுதிய "விற்றுக் கொள்வீர்" என்ற இரண்டாவது பாட்டு ஒன்று போதும். பண் தெரியவேண்டாம், ராகம் வேண்டாம், குளித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும் என்றும் இல்லை. மகள் பள்ளிக்குப் போனபிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே, சத்தமாகச் சொல்லுங்கள். "என் கண்" என்று வரும் இடத்தில் உங்கள் கணவரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் வரட்டும், நடுவில் நின்றுபோனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து சொல்லலாம். கணவருக்குப் பேச்சு நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் கோபமாகத்தான் இருப்பார், கேட்டுப் பாருங்கள். விரும்பினால் அவரும் உங்களோடு சேர்ந்து சொல்லட்டும்.